‘தக்க’ என்று படித்தால் ஏன் இடிக்கிறது? தமிழ்ப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பாடநூல் ஆசிரியர்களுக்கும், பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாள் அமைக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். செய்யுளின் ஓசையைப் பிள்ளைகள் காதால் கேட்கவும் வாயால் சொல்லவும் வழி செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் தமிழில் பட்டம் வாங்கியவன் இல்லை. மதுரையில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் புரூஃப் பார்த்தவன். அதிலும் முதல் ஆறு ஆண்டுகள் பார்க்கவில்லை, படித்தேன். மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உரக்கப் படிப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் புரூஃப் தாளில் பென்சில் நுனியை ஓட்டிக்கொண்டே வருவார். கமா, முற்றுப்புள்ளி, பத்தி மாறுவது எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். ஒற்று வரும் இடத்தில் அழுத்த வேண்டும். மாலையானால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்ததும், உரக்கப் படிக்கிற ஆள் தேவையில்லை என்று ஆகிவிட்டது. நானும் பென்சில் பிடிக்கிற பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். அப்புறம் ஓய்வும் வந்துவிட்டது.

அந்தப் பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. உரைநடை என்றால் தாளைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். செய்யுள் வந்துவிட்டால், அதுவும் வெண்பா என்றால், கண்ணை மூடிக்கொள்வார். நான் பிரதியை விட்டுவிட்டு, அச்சாகி வந்த தாளையே படிக்க வேண்டும். படித்துக்கொண்டே போகும்போது எங்கேயோ ஓர் இடத்தில் அவர் விரல் தூக்குவார். திரும்பிப் பார்த்தால் அந்தச் சீரில் ஓர் ஒற்று விழுந்திருக்கும், அல்லது ஒரு குறில் நெடிலாகியிருக்கும். மூலத்தைப் பார்க்காமலே பிழையைப் பிடிப்பார். முதலில் எனக்கு அது மந்திரம் போல இருந்தது. ஓராண்டு கழித்து எனக்கும் விரல் தூக்கத் தோன்ற ஆரம்பித்தது. இலக்கணம் படித்து வந்ததில்லை அது. சும்மா காதில் விழுந்து விழுந்து வந்தது.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், சென்ற மாதம் என் பேத்தி பத்தாம் வகுப்புத் தமிழுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அலகிடுதல், அதாவது ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்து (ஒற்றை விட்டு எண்ணினால் ஓரெழுத்து நேர், ஈரெழுத்து நிரை) தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்வது. எடுத்துக்கொண்ட குறள் எல்லோருக்கும் தெரிந்தது.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கோடு போட்டு, கட்டம் கட்டி, இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். கற்/க, நேர் நேர், தேமா. கச/டறக், நிரை நிரை, கருவிளம். கடைசியில் தக, நிரை, மலர். ஒன்றுகூடத் தப்பில்லை. நானே அவ்வளவு வேகமாகப் போட மாட்டேன். மூன்று மதிப்பெண் உறுதி.

“வெண்பாவுக்கு என்ன ஓசை?” என்று கேட்டேன்.

“செப்பலோசை.”

“அது எப்படி இருக்கும்?”

“எப்படி இருக்கும்னு எல்லாம் கேக்க மாட்டாங்க தாத்தா. என்ன ஓசைன்னுதான் கேப்பாங்க.”

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் உங்களை மிகச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள். இந்த மடலுக்கு அந்தப் பதில்தான் காரணம்.

அவளிடம் வாதாடவில்லை. குறளை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பிறகு நான் ஒரு முறை படித்தேன், கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி: “நிற்க அதற்குத் தக்க.” சட்டென்று முகத்தைச் சுளித்தாள். “ஏதோ இடிக்குது தாத்தா.” என்ன இடிக்கிறது என்று கேட்டேன். “தெரியல. கடைசில தடுக்கி விழுற மாதிரி இருக்கு.” பொருளில் ஒன்றும் பெரிய கேடு வந்துவிடவில்லை. ஒரே ஒரு க் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அவளையே அலகிடச் சொன்னேன். ‘தக்க’ என்றால் தக்/க, நேர் நேர். அதற்கு முன்னால் நிற்பது ‘அதற்குத்’, புளிமா. மா என்று முடியும் வாய்பாட்டுச் சீருக்குப் பின்னால் வெண்பாவில் நிரை வர வேண்டும், இங்கே நேர் வந்துவிட்டது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு உரிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் எதிலும் அடங்கவில்லை. அவள் விதியைத் தானே கண்டுபிடித்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப அந்த இடிதான் தளை தட்டுறதா?”

ஆமாம், அதேதான். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் கட்டுத்தான் தளை. ‘தளை தட்டுகிறது’ என்பது எப்பேர்ப்பட்ட சொல் என்று பாருங்கள். கால் தட்டுவது, தலை தட்டுவது போல, உடம்புக்குத் தெரிகிற ஒன்று. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்ற மூன்று சட்டங்களும் யாரோ உட்கார்ந்து தாளில் போட்ட கணக்கில்லை. காதுக்கு இடிக்காமல் இருந்ததைக் கேட்டுக் கேட்டு, பின்னால் வந்த ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். நீங்கள் பிள்ளைகளுக்குப் பெயரை மட்டும் கொடுக்கிறீர்கள். காதில் விழ வேண்டியது விழுவதே இல்லை. தித்திப்பு என்றால் என்ன என்று நாலு வரியில் எழுதச் சொல்லிவிட்டு வெல்லத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிய கதைதான்.

நாலு பாவுக்கும் நாலு ஓசை என்று புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு மிகவும் வசதியானது. ஆனால் அந்த நாலு பெயர்களையும் ஒரு தரம் வாயில் போட்டுப் பாருங்கள். செப்பல், செப்புதல், அதாவது சொல்லுதல். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வது போன்ற நடை. குறள் பாட்டாகத் தோன்றாமல் பேச்சாகத் தோன்றுவது அதனால்தான். ஆசிரியப்பாவுக்கு அகவல். மயில் அகவும் என்கிறோமே, அந்த அகவல். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல். சங்கப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பாவில்தான் இருக்கின்றன. கலிப்பா துள்ளல், கன்றுக்குட்டி ஓடும்போது இடையிடையே எம்புமே, அப்படி. வஞ்சிக்குத் தூங்கல், உறங்குவது இல்லை, தொங்கி ஆடுவது. நாலுமே உடம்பு செய்கிற காரியங்கள். நாலையும் ஒரு வகுப்பில் நாலு நிமிடத்தில் வாயால் செய்து காட்டிவிடலாம்.

இன்னொன்று. எழுத்தின் கால அளவுக்குத் தொல்காப்பியம் கொடுக்கிற அளவுகோலைக் கவனியுங்கள்: ‘கண்ணிமை நொடி’. கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம். அதுதான் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. கடிகாரம் இல்லாத காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் முகத்திலும் இருந்த கருவி. இன்றைக்கு அறுபது சேர்ந்தால் ஒரு நிமிடம் என்கிற ‘நொடி’யும் அந்த விரல் நொடிதான். என் பேத்தி இதையும் அட்டவணையாகத்தான் படித்திருந்தாள். விரலை நொடித்துப் பார்த்ததில்லை.

நம் மொழி கண்ணை நம்பி வளர்ந்த மொழி இல்லை. ஒரு புலவர் யாரிடம் கல்வி கற்றார் என்று சொல்ல வேண்டுமானால், “யாரிடம் பாடம் கேட்டார்” என்றுதான் சொல்வோம். உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். படித்தார் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையவர்கள் செய்யுள்களை மனத்திலேயே கட்டி வாயால் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். எழுத்தாணி பிடிப்பது சிஷ்யன் வேலை. பாட்டுக் கட்டுவது வாயின் வேலை. வீணையையும் வாசிக்கிறோம், கடிதத்தையும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. ‘எழுத்து’ என்ற சொல்லே ஒலிவடிவத்துக்கும் வரிவடிவத்துக்கும் பொது. வள்ளுவர் குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, கேள்விக்குத் தனியாக இன்னோர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதன் முதல் குறளே செவிச்செல்வத்தைத்தான் தலைமேல் தூக்கி வைக்கிறது.

பாட்டின் ஓசை என்பது அலங்காரம், நகை நட்டு போல என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. தொழில் அனுபவத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஓசைதான் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெய்க்குப் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடு இருக்காது. ஒ, ஓ அப்படியே. துணைக்காலும் ர என்ற எழுத்தும் ஒன்று போலவே இருக்கும். அடி எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளம் இல்லாமல், ஓலை முடிகிற வரை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்துக் காட்டிய பிறகுதான் எகரமும் ஏகாரமும் கண்ணுக்கே வேறாகத் தெரிய ஆரம்பித்தன. அப்படியானால் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையருக்கு, அது பெறுவதா பேறுவதா, கொடுப்பதா கோடுப்பதா என்று ஒவ்வோர் இடத்திலும் யார் சொன்னார்கள்? பொருள் சொன்னது, உரை சொன்னது, அதோடு சேர்ந்து யாப்பும், அதாவது பாட்டின் கட்டுக்கோப்பும் சொன்னது. இங்கே எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும்) நிற்க வேண்டும், எனவே முதலெழுத்து நெடில். இங்கே அடி முடிய வேண்டும், எனவே இந்தச் சீர் அடுத்த வரிக்குப் போகும். எங்கள் அச்சகத்துப் பெரியவர் விரல் தூக்கியதும் சுவடி பார்த்தவர்கள் செய்ததும் ஒரே வேலைதான், அளவில் கடலுக்கும் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தாலும்.

இப்போது உங்கள் அச்சுக்கு வருகிறேன். என் தொழில் அது. கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன்.

செய்யுள்களைச் சந்தி பிரித்து, அதாவது சேர்ந்து நிற்கும் சொற்களைத் தனித்தனியாக்கி அச்சிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு விரோதம் இல்லை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, குறைந்த விலையில் பழைய நூல்களைக் கொண்டுவந்தார். பண்டிதர் அல்லாதவர்கள் சங்கப் பாட்டைத் துணிந்து கையில் எடுத்ததற்கு அந்தப் பதிப்புகள் ஒரு பெரிய காரணம். நானே அப்படித்தான் படித்தேன். ஆனால் பிரித்த வடிவத்தை மட்டும் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்குக் கம்பனில் ஓர் இடம் சொல்கிறேன். சூர்ப்பணகை அழகியாக உருமாறி இராமன் முன் நடந்து வருகிற பாட்டு.

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவ மனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென வன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

ஒரு தரம் உரக்கப் படியுங்கள், அகராதி வேண்டாம். பஞ்சி, விஞ்சு, செஞ்செவிய, கஞ்சம், அஞ்சொல், மஞ்ஞை, வஞ்சி என்று ஞகரம் ஒவ்வோர் அடியிலும் மெத்தை போட்டுக்கொண்டே வருகிறது. சலங்கை கட்டிய கால் எடுத்து வைக்கிற ஒலி. மயில் என்றாயிற்று, அன்னம் என்றாயிற்று, கொடி என்றாயிற்று. கேட்கிறவன் அந்த ஞ்ச, ஞ்ச என்ற மெத்தையில் சாய்ந்துவிட்ட பிறகு, அதே ஒலியில் ‘நஞ்சம்’ வருகிறது. அடுத்த அடி எடுப்பதற்குள் ‘வஞ்சம்’. பஞ்சிலும் நஞ்சிலும் ஒரே சத்தம். அவள் வேடம் போட்டிருக்கிறாள் என்பதைப் பொருளால் சொல்வதற்கு முன்னால் காதை ஏமாற்றியே காட்டிவிடுகிறான் கம்பன். இராமன் ஏமாறவில்லை, நாம் ஏமாறுகிறோம்.

சரி, இதையே சந்தி பிரித்துப் போட்டால்? ‘செம் செவிய’. ‘அம் சொல் இள மஞ்ஞை என’. இரண்டு ஞகரங்கள் காணாமல் போய்விட்டன. பொருள் புரிய வேண்டும் என்று பிரித்தோம், ஆனால் இந்தப் பாட்டில் பொருளில் பாதி அந்த ஞகரத்தில்தான் இருக்கிறது. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்பதை ‘எழுத்து எல்லாம்’ என்று பிரித்தால் நாற்சீரடி கண்ணுக்கு ஐந்து சீராகத் தெரியும். அலகிடக் கொடுக்கும்போது மட்டும் சீர் பிரித்துக் கொடுத்துவிட்டு, மற்ற நேரத்தில் சொல் பிரித்துக் கொடுத்தால், பிள்ளைக்கு இரண்டும் இரண்டு வேறு பாட்டாகத்தான் தோன்றும். இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இடப்பக்கம் வாய்க்கு, வலப்பக்கம் மூளைக்கு. தாள் செலவு கொஞ்சம் கூடும். ஒரு படத்தைச் சின்னதாக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும். லே-அவுட் வேலை எனக்கும் தெரியும்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. இந்தியா முழுக்கப் பாட்டு காதில்தான் குடியிருந்தது. வேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுருதி’ என்றாலே கேட்கப்பட்டது. எழுதாமல் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகச் சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதும் முறைகளை வைத்திருந்தார்கள். ஜடை என்ற முறையில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, மறுபடி ஒன்று-இரண்டு. கனம் என்றால் மூன்றாவது சொல்லும் சேர்ந்துகொண்டு முன்பின்னாகச் சுழலும். ஒரு சொல் நழுவினால் பின்னலே குலைந்துவிடும், எனவே நழுவாது. எங்கள் அச்சகத்தில் மூன்று புரூஃப் பார்ப்போம்; அவர்கள் வாயிலேயே அதற்குமேல் பார்த்திருக்கிறார்கள். 2003இல் யுனெஸ்கோ இந்த ஓதும் மரபை மனித குலத்தின் செல்வம் என்று அறிவித்தது. அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை, அந்தக் கணக்கு தனி. நான் பேசுவது முறையைப் பற்றி.

வடக்கே தோஹா என்று ஈரடிப் பாட்டு உண்டு. ஒவ்வோர் அடியும் 13, 11 என்று உடைந்து 24 மாத்திரை. அவர்களுக்கும் மாத்திரைதான், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. உருதுக் கவிஞர்கள் முஷாயிரா என்ற கவியரங்கத்தில் கஜல் படிக்கும்போது ஈரடியின் முதல் அடியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொல்லிக் கூட்டத்தைக் காக்க வைப்பார்கள். இரண்டாம் அடியின் முடிவு எப்படி வந்து விழப் போகிறது என்று கூட்டம் ஊகித்துக்கொண்டே இருக்கும். விழுந்ததும் கூடச் சேர்ந்து சொல்லும். அதற்குக் காது பழகியிருக்க வேண்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவதானம் இன்றும் மேடையில் நடக்கிறது. தாளும் பேனாவும் இல்லாமல், குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே, இடையில் அடிக்கிற மணியின் எண்ணிக்கையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கேட்ட யாப்பில் பாட்டுக் கட்ட வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிற எதுகை நமக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் இருக்கிறது. அடியின் முடிவில் ஒலி ஒன்றுவது வடக்கின் பழக்கம். தொடக்கத்திலேயே ஒன்றுவது தெற்கின் காது.

அவதானம் நம்மிடமும் இருந்தது. செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களைக் கவனத்தில் வைத்துச் சதாவதானம் செய்து காட்டினார். என் பேத்தியின் புத்தகத்தில் அவருடைய வெண்பா ஒன்று இருக்கிறது. முதுகில் எறியும் கற்களை எண்ணிக்கொண்டே கேட்ட வெண்பாவுக்கு ஈற்றடி சொல்கிற கலையில் தேர்ந்தவருடைய பாட்டை, நம் பிள்ளைகள் ‘அடி பிறழாமல் எழுதுக’ என்பதற்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை பரீட்சையில் எங்குமே வருவதில்லை. மனப்பாடம் என்ற சொல்லில் பாடம் இருக்கிறது, பாடுவது இல்லை.

அரசாங்கம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் காட்டுகிறேன். இராசராசன் அங்கே திருப்பதியம் (தேவாரப் பாட்டுகள்) பாட 48 பேரை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். அவர்கள் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. ஏட்டை எடுத்து வைத்தால் போதும் என்று அவன் நினைக்கவில்லை. பாட்டுக்குப் பண், அதாவது இராகம் போன்ற ஓர் இசை வகை இருக்கிறது, அதைத் தினமும் ஒரு வாய் சொல்லிக்கொண்டிருந்தால்தான் பாட்டு இருக்கும் என்று தெரிந்து வாய்க்குப் படியளந்திருக்கிறான். தேவாரப் பதிகங்களை எந்தப் பண்ணில் பாட வேண்டும் என்று இன்றும் நாம் சொல்ல முடிவதற்கு, இப்படி ஓதிக்கொண்டே வந்த ஓதுவார்கள்தான் காரணம்.

நான் நெல் கேட்கவில்லை. செய்யுளை வாய்விட்டுச் சொல்வதற்கு ஐந்து மதிப்பெண் கேட்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். கையால் செய்து பார்க்காமல் அறிவியல் வராது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்ச் செய்யுளுக்கும் செய்முறை உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் கட்ட வேண்டாம், கண்ணாடிக் குடுவை வாங்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆய்வுக்கூடத்தை மூக்குக்குக் கீழேயே கொண்டு வருகிறது. ஒரு குறளைச் சொல்லப் பத்து விநாடிகூட ஆகாது. அறுபது பேர் வகுப்பென்றாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பதை அறிவேன். போர்ஷனை முடிக்க வேண்டும், இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும். இதையும் சேர்த்துவிட்டு அவர்களைத் திட்டுவதற்கு நான் துணை போக மாட்டேன். அலகிடுதலுக்கு நடத்துகிற அதே வகுப்பிலேயே இது முடிந்துவிடும். முதலில் வாய், பிறகு கோடு. பத்துக் குறளை உரக்கச் சொல்லி, நடுவில் ஒன்றை வேண்டுமென்றே தளை தட்ட வைத்து, “எங்கே இடித்தது?” என்று கேட்டால் போதும். கண்டுபிடிக்கிற ஆசையில் கடைசி பெஞ்சும் எழுந்துவிடும். நேர் நிரை வாய்பாட்டை அதற்கப்புறம் சொல்லிக் கொடுத்தால், அது அவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்ட ஒன்றுக்குப் பெயராக உட்காரும்.

திக்கிப் பேசும் பிள்ளை என்ன செய்யும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என்னோடு படித்த ஒருவன் தன் பெயரைச் சொல்லவே திணறுவான். வகுப்பு முழுதும் சேர்ந்து சொல்லும்போது அவனுக்கு ஒரு சொல்லும் தடுக்காது. அவன் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சேர்ந்து சொல்வதையே தேர்வாக வையுங்கள். தனியாகச் சொல்ல முடியாதவர்களுக்கு, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுத் தளை தட்டும் இடத்தைக் காட்டுவதைத் தேர்வாக வையுங்கள். குரல் இனிமைக்கு மதிப்பெண் கொடுத்துவிடாதீர்கள். பாட்டு வகுப்பாகிவிட்டால், பாடத் தெரிந்த நாலு பேர் மேடையில் நிற்க, மற்றவர்கள் கை தட்டிவிட்டுப் போவார்கள்.

ஓசை என்றதும் இசையமைப்பாளரைத் தேடிப் போய்விடுவீர்களோ என்றும் ஒரு பயம் இருக்கிறது. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கங்களில் க்யூஆர் கோடு போட்டீர்கள். நல்ல காரியம். அதே வழியில் ஒவ்வொரு செய்யுளுக்கும் ஒரு வாசிப்பைக் கொடுங்கள், வெறும் மனிதக் குரலில். கீபோர்டு வேண்டாம், புல்லாங்குழல் வேண்டாம், எதிரொலி வேண்டாம். பின்னணி இசை வந்துவிட்டால் தாளத்தை அது எடுத்துக்கொள்ளும், சீருக்கு வேலை இல்லாமல் போய்விடும். ஒரே ஆளையும் படிக்க வைக்காதீர்கள். நெல்லைக்காரர் ஒருவர், கொங்கு நாட்டுக்காரர் ஒருவர், தஞ்சைப் பக்கத்து அம்மா ஒருவர் என்று மாற்றி மாற்றிப் படிக்கட்டும். ழகரம் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வராது. வராவிட்டால் வானம் இடிந்துவிடாது. வெண்பா எல்லார் வாயிலும் வெண்பாவாகவே இருக்கும் என்பதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

பயிற்சிக் கல்லூரிகளுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அதை அறிந்தவர்கள் எழுதட்டும். எனக்கு அச்சுதான் தெரியும், அச்சைப் பற்றிய ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த பதிப்பு தயாராகும்போது, செய்யுள் பக்கங்களின் புரூஃபைக் கண்ணால் மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். வயது 68 ஆகிவிட்டது, இடக்கண்ணில் புரை எடுத்தாயிற்று, காது நன்றாகவே கேட்கிறது. கூப்பிட்டால் மதுரையிலிருந்து வருகிறேன். காசு வேண்டாம், போக்குவரத்துச் செலவு நானே பார்த்துக்கொள்கிறேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும், அவ்வளவே. சின்ன வயதுக்காரராக இருந்தால் நல்லது. முதல் நாள் தொண்டை கட்டும். சுக்கு வெந்நீர் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் பார்ப்பவர் ஒருவர்,
மதுரை.